கை விழுந்துருச்சு

மாநாடுகளில் எனக்குத் தருவது நான்கு நிமிடம். பேராசிரியர்களுக்கு அரை மணித்தியாலம், டொக்டர்மாருக்கு இருபது நிமிடம், எனக்கு நான்கு. நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு மேலே "நோயாளர் குரல்" என்று போட்டிருப்பார்கள். நோயாளி நானில்லை, என் புருஷன். அவருக்குக் குரல் போய்விட்டதால் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

என் பெயர் பெற்றீசியா. வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்க்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ளும் வேலை. என் புருஷன் றிச்சர்டுக்கு மூன்றரை வருடத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "சரி". பசித்தால் அதைத்தான் சொல்வார், கோபம் வந்தாலும் அதைத்தான். எரிச்சலில் சொல்லும் "சரி" எது, வயிற்று வலியில் சொல்லும் "சரி" எது என்று எனக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்களோ, என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்கிற நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பேச்சிருந்த காலத்தில் அவர் எதற்கும் லேசில் சரி சொன்ன ஆளில்லை.

நான் மாநாட்டுக்குப் போக ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு சண்டை. கிளினிக்கில் மாத்திரை இல்லை, வெளியே வாங்கிக்கொள் என்று மூன்றாவது மாதமும் துண்டு எழுதித் தந்தார்கள். அன்று நான் போட்ட சத்தம் மேல் மாடி வார்ட்டு வரைக்கும் கேட்டதாம். புதிதாக வந்திருந்த டொக்டர் லோஜினி என்னைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். ராகலைப் பக்கத்துப் பிள்ளை, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகள். என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இதே சண்டைய மேடையில வந்து போடுவீங்களா?" என்று கேட்டார்.

போட்டேன். கண்டியில் ஒன்று, கொழும்பில் இரண்டு, இப்போது நுவரெலியாவில் நாலாவது. எல்லா மாநாட்டிலும் ஒரு பை தருவார்கள், பைக்குள் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கும், கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை தருவார்கள். எல்லா மண்டபமும் குளிரும். கொழும்பில்கூட மெஷின் போட்டுக் குளிராக்கி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். மூளைப் படத்தைத் திரையில் போட்டு, கறுத்துப்போன இடத்தை ஒரு சிவப்புப் புள்ளியால் தொட்டுக் காட்டுவார்கள். அந்தக் கறுப்பு ஒரு ஆளின் பேச்சு, ஒரு ஆளின் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற கை என்ற நினைப்பு அங்கே யாருக்கும் வருவதாகத் தெரியாது. கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நான் பேசும்போது கண் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் நான்கு நிமிடத்தை எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் வைப்பார்கள். அழுதுவிட்டு நேரே போய்ப் புரியாணிக்கு வரிசையில் நிற்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நானும் அந்த வரிசையில் நிற்பேன், அது வேறு விஷயம்.

மேடையில் தமிழில்தான் பேசுவேன், லோஜினி பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொல்வார். சிங்களம் தெரியாமல் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்றாலும் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். மேடையிலாவது அவர்கள் எங்கள் பாஷையைக் கொஞ்சம் கேட்கட்டும் என்பது என் வீம்பு.

றிச்சர்டுக்கு என் சிங்களம் என்றாலே கேலி. கலியாணத்துக்கு முன்பு அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடம் பரிமாறினவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவரைத் தமிழர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் தமிழில் நினைத்து அதை அப்படியே சிங்களத்தில் தூக்கிப் போடுகிறேன் என்பார். நான் வீட்டுக்குள் நுழைந்தால், "சிங்கள டீச்சர் வாறாங்க, எந்திரிச்சு நில்லுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வார். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். ஆஸ்பத்திரிக்குக் கூட வா என்றால் மட்டும் வரமாட்டார், அந்த வேலைக்கு நான்தான் வேண்டும்.

மேடையில் நான் சொல்வது இதுதான்.

அன்று காலை ஆறரை. வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்த என் புருஷன் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு. வலது கையைத் தூக்கிப் பார்த்தேன், ஈரத் துணி மாதிரி விழுந்தது. ஓட்டோ பிடித்து எட்டு மணிக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். எங்களுக்குப் பதினொரு மணி வரை நேரம் இருந்தது. கை கால் விழுந்துவிட்டது, பேச முடியவில்லை என்று வாசலில் இருந்த மிஸ்ஸிடம், அதுதான் நேர்ஸிடம், தெளிவாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கையை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். மூன்று மணித்தியாலம் எக்ஸ்ரே வரிசை. என் புருஷன் சில்லு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. அந்த வேதனையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூளையை ஸ்கேன் பண்ணியபோது மணி இரண்டு. ஊசி போடுகிற நேரம் தாண்டிவிட்டது என்றார்கள்.

சேலையை இழுத்த இடத்துக்கு வரும்போது மண்டபம் அமைதியாகிவிடும். ஒவ்வொரு மாநாட்டுக்கும் முன்னால் இந்தப் பேச்சை றிச்சர்டின் முன்னால் சொல்லிப் பார்ப்பேன். கவனமாகக் கேட்பார். அந்த இடத்தில் மட்டும், "சரி, சரி, சரி" என்பார். அது என்ன சரி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மிஸ்மேல் பெட்டிசம் எழுதினேன். 'நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை' என்பதுதான் அதன் முதல் வரி. விசாரணை நடந்தது. அவரைத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். பால்குடிப் பிள்ளையோடு அழுதுகொண்டு போனார் என்று வார்ட்டில் வேலை செய்கிற ஒருவர் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

நுவரெலியா மாநாட்டுக்கு ஒரு காரியத்தோடு போனேன். மாகாணத்துச் சுகாதார அதிகாரிகள் முன் வரிசையில் இருப்பார்கள் என்று லோஜினி சொல்லியிருந்தார். அவசரப் பிரிவு வாசலில் இரவும் பகலும் தமிழ் தெரிந்த ஓர் ஆள் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் இறங்குவதில்லை என்று இருந்தேன்.

காலையில் முதலில் பேசியவர் வட்டமாக ஒரு படம் போட்டார். ஸ்ட்ரோக் வந்து நேரம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யார் யார் என்று துண்டு துண்டாகப் பிரித்து நிறம் பூசியிருந்தது. பெரிய துண்டு தோட்ட மக்கள்.

"காரணம் என்னன்னு சொல்றாரு?" என்று லோஜினியைக் கேட்டேன்.

"விழிப்புணர்வு குறைவுன்னு சொல்றார் அக்கா."

"அறிவு இல்லன்னு சொல்றாரு."

"விழிப்புணர்வு அக்கா."

"ரெண்டும் ஒன்னுதான். எட்டு மணிக்கு வாசல்ல நின்ன எனக்கு அறிவு இல்லயாமா?"

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார்.

அடுத்ததாக மூளை நரம்பு டொக்டர் ஒருவர் மேடைக்கு வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. வாசலுக்கு வந்தும் ஸ்ட்ரோக் என்று கண்டுபிடிக்கப்படாமல் போனவர்களைப் பற்றியது அவருடைய பேச்சு. அப்படிப் பன்னிரண்டு பேரின் பழைய டிக்கட்டுகளை, நோயாளியைப் பற்றி எழுதி வைக்கிற தாள்களை, தேடி எடுத்திருந்தார். பேர் இருக்கும் இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. இங்கிலீஷில் பேசினார், லோஜினி என் காதில் தமிழில் சொன்னார்.

"இந்த ஆளு கீழ விழுந்து கைய அடிச்சுக்கிட்டார்னு வந்திருக்காங்க அக்கா. எக்ஸ்ரேக்கு அனுப்பிட்டாங்க. உண்மையில ஸ்ட்ரோக். மத்தியானம்தான் தெரிஞ்சிருக்கு."

"விழுந்தார்னு யாரு சொன்னது?"

"சம்சாரம் சொன்னதா எழுதியிருக்கு."

"நல்ல சம்சாரம். வாதம் வந்துச்சா, வழுக்கி விழுந்தாரான்னு தெரியாமலா ஒருத்தி புருஷனக் கூட்டிக்கிட்டு வந்தா? இப்படி ஒன்னு ரெண்டு கெடக்குறதாலதான் நம்மளுக்கு அறிவு இல்லன்னு படம் போடுறானுங்க."

லோஜினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டிக்கட்டைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். சிங்களக் கையெழுத்து, குண்டு குண்டாக, அழகான எழுத்து. டொக்டர் அதை வாய்விட்டு வாசித்தார். மனைவி சொன்ன வார்த்தையை அந்த நேர்ஸ் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் மேற்கோள் குறி போட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

"அத்த வெட்டுனா, கக்குல வெட்டுனா. கத்தா கரன்ன பே."

அது என் குரல். அந்த மனுஷன் தன் குரலில்தான் வாசித்தார், ஆனால் வார்த்தை என்னுடையது. கை விழுந்தது, கால் விழுந்தது, பேச முடியாது. தமிழில் கை விழுந்துருச்சு என்றால் கையில் உயிர் இல்லை என்று பச்சைப்பிள்ளைக்கும் புரியும். சிங்களத்தில் 'வெட்டுனா' என்றால் விழுந்தது, அவ்வளவுதான். மரத்திலிருந்து காய் விழும், படியிலிருந்து ஆள் விழுவார். உயிர் போன கைக்கு அந்தச் சொல் இல்லை. நான் தமிழில் நினைத்ததை அப்படியே தூக்கிப் போட்டிருந்தேன்.

எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. மிஸ் அவருடைய முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். "வெட்டுனாத?" என்று கேட்டார், விழுந்தாரா என்று. நான் "ஒவ், ஒவ்" என்றேன். ஆமாம், ஆமாம் என்று இரண்டு தரம். கொரோனாக் காலம், மாஸ்க் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கோணிப்போன அவர் வாயை மாஸ்க் மாட்டி மறைத்ததும் நான்தான்.

டிக்கட்டின் கடைசி வரியையும் டொக்டர் வாசித்தார். 'நோயாளிக்குச் சிங்களம் பேச வராது.' பேச முடியாது என்று நான் சொன்னதை அந்த மிஸ் அப்படி விளங்கிக்கொண்டிருக்கிறார். தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் வராது, அவர்களைப் பற்றியும் அதே வார்த்தையில்தான் சொல்வோம். பதினொரு வருடம் கொழும்பில் சிங்களம் பேசிய மனுஷனைப் பற்றி இப்படி ஒரு வரி. டிக்கட்டில் வயது நாற்பத்தொன்பது, அன்று அவருக்கு அதுதான். மூலையில் தேதி இருந்தது. என் மூத்தவள் பிறந்த தேதியைக் கூட நான் யோசித்துத்தான் சொல்வேன், அந்தத் தேதியை யோசிக்க வேண்டியதில்லை.

லோஜினி என் கையைப் பிடித்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் இருவரும் வெளியே படியில் வந்து நின்றோம்.

"அக்கா, எனக்கும் இத்தன நாளா தோணல. நீங்க கை விழுந்துருச்சுன்னு சொல்றப்ப நான் செயலிழந்துருச்சுன்னுதான் சிங்களத்துல சொல்லுவேன். அன்னைக்கு நீங்க என்ன வார்த்த சொன்னீங்கன்னு கேக்கவே இல்ல."

"நீ எதுக்குடாம்மா கேப்ப."

"இன்னைக்குப் பேச வேணாம்னா நான் போய்ச் சொல்லிர்றேன். ஒடம்புக்குச் சரியில்லன்னு சொல்லலாம்."

நான் யோசித்தது நல்ல யோசனை இல்லை. அந்தத் தாளில் பேர் இல்லை, கறுப்பு மை பூசியிருக்கிறது. எனக்கும் லோஜினிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நான் வழக்கமான பேச்சைப் பேசிவிட்டு இறங்கலாம். உண்மையைச் சொன்னால் முன் வரிசைக்காரர்கள் என்ன சொல்வார்கள்? பார்த்தீர்களா, பிழை ஆஸ்பத்திரியில் இல்லை, கூட வந்த பொம்பளையில் என்பார்கள். வாசலுக்குத் தமிழ் ஆள் கேட்டு வந்த காரியம் அதோடு முடிந்தது. லயத்தில் எனக்கு இருக்கிற பேர் என்னாகும்? இனி யார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்? இவ்வளவும் யோசித்தேன். றிச்சர்டின் முகம் ஒரு தரமும் என் யோசனையில் வரவில்லை.

"பேசுறேன்," என்றேன்.

மேடையில் ஏறி, வழக்கமான பேச்சைத்தான் தொடங்கினேன். அதை ஒளிக்கமாட்டேன். ஆறரை மணி, பீலி, ஓட்டோ, எட்டு மணி, வாசல் எல்லாம் சொன்னேன். மிஸ் கேட்கவில்லை என்கிற இடத்தை மட்டும் விழுங்கிவிட்டு எக்ஸ்ரே வரிசைக்குத் தாவினேன். லோஜினி ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். பிறகு அந்த இடம் வந்தது.

"அவரு எடது கையால என் சேலையப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாரு," என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை.

ஏனென்றால் அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. அவர் எக்ஸ்ரே வரிசையில் இழுக்கத் தொடங்கவில்லை. அதற்கு முன்னால், வாசலில், மிஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுத்தார். "அத்த வெட்டுனா" என்று நான் சொன்னதும் இழுத்தார். "ஒவ், ஒவ்" என்றபோது இன்னும் பலமாக இழுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "சும்மா இருங்க, எனக்குப் பேசத் தெரியும்" என்றேன். அங்கே இருந்தவர்களில் தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். என்ன பிழை நடக்கிறது என்று தெரிந்தும் சொல்ல வாய் இல்லாமல், மிச்சமிருந்த ஒரு கையால் சொன்னார். அதை வேதனை என்று மூன்று மேடையில் சொல்லி ஊரை அழவைத்திருக்கிறேன்.

நேரம் காட்டுகிற மஞ்சள் விளக்கு எரிந்தது. லோஜினி, "அக்கா, போதும் வாங்க" என்றார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக மேடையில் சிங்களத்தில் பேசினேன். இலக்கணம் எப்படி இருந்தது என்று தெரியாது. காலையில் நீங்கள் திரையில் போட்ட மனைவி நான்தான் என்றேன். அந்த வார்த்தை என் வார்த்தை என்றேன். எங்கள் பாஷையில் கை விழுவது என்றால் என்ன, உங்கள் பாஷையில் என்ன என்று சொன்னேன். அந்த நேர்ஸ் நான் சொன்னதைக் காதில் வாங்கினார், நான் சொன்னது எதையும் விடாமல் எழுதினார், நான்தான் அவர்மேல் பெட்டிசம் போட்டேன் என்றேன். எனக்குச் சிங்களம் தெரியும் என்ற திமிரில் என் புருஷன் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

"எனக்கே இப்படி என்றால், சிங்களமே தெரியாமல் வருகிறவர்கள் வாசலில் என்ன சொல்கிறார்கள், நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்," என்று முடித்தேன். அழவில்லை. அழுதால் மறுபடியும் அவர்கள் அழுதுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. மூளை நரம்பு டொக்டர் எழுந்து நின்றார். கையில் இருந்த தாள்களைப் புரட்டினார். பன்னிரண்டில் ஏழு பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அந்த ஏழில் ஐந்து டிக்கட்டில் 'விழுந்தார்' என்றுதான் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். தோட்டத்தில் ஆட்கள் சரிவில் வழுக்கி விழுவது வழக்கம்தானே என்று தாங்கள் நினைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, வேறு எப்படியெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டார்.

சொன்னேன். கை விழுந்துருச்சு, கை வரல, ஒரு பக்கம் செத்துருச்சு, வாய் இழுத்துக்கிச்சு, நாக்கு பொரளல. ஒவ்வொன்றையும் லோஜினி சிங்களத்தில் விளக்கினார். மண்டபத்தில் பலர் கொப்பியைத் திறந்து எழுதினார்கள். அந்த இனாம் கொப்பியில் யாராவது எழுதி நான் பார்த்தது அன்றுதான். முன் வரிசை அதிகாரி ஒருவர் வாசலுக்கு ஆள் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்பதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. மண்டபத்திலேயே உட்கார்ந்து என் கொப்பியில் ஒரு கடிதம் எழுதினேன். பெட்டிசத்தில் நான் எழுதிய முதல் வரி பொய் என்று தொடங்கினேன். லோஜினி அதைச் சிங்களத்தில் எழுதித் தந்தார், இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அந்த மிஸ்ஸைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று எழுதினேன். அவருக்கென்று தனியாக ஒரு தாளில் என்னை மன்னிக்கச் சொல்லி எழுதினேன். நரம்பு டொக்டர் வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், போய்ச் சேரும்படி பார்க்கிறேன் என்றார். சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பால்குடிப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா அவருக்குக் கஞ்சி கொடுத்து, வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் "பொழுதோட வந்துட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சேலை மாற்றவில்லை. பையை வைத்துவிட்டு, அவர் முன்னால் கீழே உட்கார்ந்தேன். மாநாட்டிலிருந்து வந்தால் வழக்கமாக நானே பேசித் தள்ளுவேன், யார் யார் அழுதார்கள், என்ன சாப்பாடு என்று. அன்று எனக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"ஏங்க, ஒன்னு கேக்கணும்," என்றேன்.

"சரி."

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என் சேலையப் புடிச்சு இழுத்தீங்களே. வலிச்சுச்சா?"

என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இல்லை.

"நான் அந்த மிஸ்கிட்ட தப்பாச் சொல்றேன்னு சொல்ல வந்தீங்களா?"

எல்லாவற்றுக்கும் சொல்கிற அந்த ஒரு சொல்லை அவர் இதற்குச் சொல்லவில்லை. அவர் கண் நிறைந்தது. மூன்றரை வருடமாக இது தெரிந்துகொண்டு என்னோடு இருந்திருக்கிறார். நான் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார், நான் குளிப்பாட்டக் குளித்திருக்கிறார், நான் அந்தப் பொய்ப் பேச்சை ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் உட்கார்ந்து கேட்டு, அந்த இடம் வரும்போது "சரி, சரி, சரி" என்றிருக்கிறார்.

"என்னைய மன்னிச்சிருங்க," என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய இடது கை கீழே வந்து, என் முந்தானையைத் தேடிப் பிடித்தது. பிடித்து இழுத்தார். ஒரு தரம், பிறகு இன்னும் பலமாக ஒரு தரம், அன்று இழுத்த மாதிரியே.

அவர் இழுத்து முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.